ஒரு மணி நேரத் துக்கம்

ஹைஃபா
1955 அக்டோபர் 23

அன்புள்ள பெர்லா அக்காவுக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். போன கடிதத்தில் நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, யார் யார் வீட்டைக் காலி செய்கிறார்கள், எல்லாம் இருந்தது. அப்பாவைப் பற்றி மட்டும் ஒரே வரி: 'கொஞ்சம் இருமுகிறார்.' அந்தக் 'கொஞ்சம்' என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நீங்கள் ஒன்றைக் கொஞ்சம் என்று சொன்னால் அது நிறைய என்று உங்களிடம் படித்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

செஃப்ரூ பேருந்து நிலையத்தில் நான் ஏற மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது நினைவிருக்கிறதா? அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நீங்கள்தான் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தீர்கள். 'நீ போய் நர்ஸாகு. உங்கப்பா விஷயத்துல நல்லதோ கெட்டதோ, நான் எழுதறேன். மறைக்க மாட்டேன்' என்றீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் கம்பியை விட்டேன். உங்களைக் கேட்காமல் நம் மெல்லாவின் யூதத் தெருக்களில் எந்தப் பெண் கல்யாணத்துக்குத் தலையாட்டியிருக்கிறாள், எந்தப் பெண் கப்பல் ஏறியிருக்கிறாள்? நானும் அந்த வரிசையில் வந்தவள்தானே.

இங்கே பிழைத்துக் கிடக்கிறேன். சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, வேகவைத்த கோழியைப் பார்த்தாலே அழுகை வருகிறது. என்னோடு அறையில் இருப்பவள் ப்ரோன்யா. போலந்துக்காரி. அதிகம் பேச மாட்டாள், ஆனால் என் படுக்கையை அவளே சரி செய்துவிடுவாள். நவம்பர் கடைசி வாரத்தில் முதலாம் ஆண்டுத் தேர்வு. அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு, மேட்ரன் முகம் கொடுத்துப் பேசக்கூட மாட்டாள்.

அதனால் நேராகக் கேட்கிறேன். அப்பாவுக்கு என்ன? நான் வர வேண்டுமா, வேண்டாமா? கப்பல் அலுவலகத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். வா என்று ஒரு சொல் எழுதுங்கள், தேர்வும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், புறப்பட்டுவிடுவேன்.

உங்கள்
ஃப்ரேஹா


செஃப்ரூ
1955 நவம்பர் 7

அன்புள்ள ஃப்ரேஹா,

உன் திட்டு கிடைத்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருமல் நின்றுவிட்டது. இப்போது அவருக்கு எந்த வலியும் இல்லை. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று நின்று தேய்ந்த உடம்பு, கடைசியில் ஓய்வு கிடைத்திருக்கிறது. கடையை மக்லூஃப் பார்த்துக்கொள்கிறான். அவன் பொரிக்கும் ஸ்ஃபெஞ்ச் வளையம் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் மாவாக இருந்தாலும் வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்காமல் வாங்கிப் போகிறார்கள். உன் தம்பி இப்போது பொறுப்பான பிள்ளை. காலையிலும் மாலையிலும் ஜெபக்கூடத்துக்குத் தவறாமல் போகிறான். அம்மாவுக்கு உடம்பு அசதி, போன வாரம் முழுக்க அடுப்பு மூட்டவில்லை. அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நீ கப்பல் விஷயத்தை விட்டுவிடு. இங்கே நிலைமை எப்போது எப்படித் திரும்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. பிரெஞ்சுக்காரன் போய்விடுவான் என்கிறார்கள், போனால் யூதர்கள் வெளியேற முடியாமல் கதவு சாத்தப்படும் என்கிறார்கள். வந்தவள் திரும்பிப் போக முடியாமல் ஆகிவிட்டால் என்ன செய்வாய்? உன் வேலை தேர்வு எழுதுவது. எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய். இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்காதே, உனக்குச் சளி பிடிக்கும்.

அதிகம் எழுத முடியவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பெர்லா


ஹைஃபா
1955 நவம்பர் 17

என் அன்பான அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நடைபாதையில் நான் கத்திய கத்தலில் மேட்ரன் ஓடி வந்துவிட்டாள். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது! இனி எனக்கு என்ன குறை. கப்பல் அலுவலகத்துக்குப் போய் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே இருந்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, 'ஏம்மா, ஒரு நாளைக்கு வேணும்ங்கற, ஒரு நாளைக்கு வேணாம்ங்கற' என்றான். எங்கப்பா பிழைச்சுக்கிட்டார், அதான் என்றேன். அவனும் சிரித்தான்.

ஆனால் ஒரு சந்தேகம். நம் மக்லூஃபா ஜெபக்கூடத்துக்குப் போகிறான்? காலையும் மாலையுமா? கட்டி இழுத்தாலும் வராத கழுதை ஆயிற்றே அவன். அங்கே ஏதாவது பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறானா என்று விசாரியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை விடுதிச் சமையல்காரியின் மகளுக்குக் கல்யாணம். ஏமன் நாட்டுக்காரர்கள், தகரத்தைத் தட்டித் தாளம் போட்டார்கள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் ஆடியதே இல்லை, உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு முதலில் இறங்கி ஆடியது நான்தான். நம் ஊர்க் குலவை ஒன்று விட்டேன் பாருங்கள், ப்ரோன்யா காதைப் பொத்திக்கொண்டாள். கால் வீங்கும்வரை ஆடினேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

அப்பாவுக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். ஒன்று கொஞ்சம் நீளம். அவரிடம் கொடுத்து, பதிலுக்கு ஒரு வரி சொல்லச் சொல்லி எழுதுங்கள். 'கழுதை, காலுறை பின்னத் தெரியலை உனக்கு' என்று சொன்னால்கூடப் போதும். அவர் சொன்ன சொல்லாக இருக்க வேண்டும்.

உங்கள் ஃப்ரேஹா


செஃப்ரூ
1955 டிசம்பர் 1

ஃப்ரேஹா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். ப்ரோன்யாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் அப்பா இறந்துவிட்டார். அக்டோபர் முப்பத்தொன்று, திங்கட்கிழமை விடியலில். அன்றைக்கே அடக்கம் செய்தோம். உன் கடிதம் என் கைக்கு வந்தபோது உன் வீட்டில் ஏழு நாள் துக்கம் நடந்துகொண்டிருந்தது.

நான் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். ஜெபக்கூடத்து ரபியிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது இது: 'மகனுக்குச் சொல்லியே ஆகணும், தினமும் ஜெபக்கூடத்துல கதீஷ் ஜெபம் சொல்ல ஆள் வேணுமே. மகளுக்குச் சொல்லணும்னு கட்டாயம் இல்லம்மா. முப்பது நாளுக்குள்ள தெரிஞ்சா ஏழு நாள் முழுசா உக்காரணும். முப்பது தாண்டித் தெரிஞ்சா ஒரு மணி நேரம் போதும்.' ஏழு நாள் நீ தரையில் உட்கார்ந்தால் தேர்வு போய்விடும். தேர்வு போனால் படிப்பு போய்விடும். உன்னைத் தூக்கி நிறுத்த அந்த ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் முப்பது நாளும் தேர்வும் முடியட்டும் என்று இருந்தேன். நம் முன்னோர்கள் ஒன்றும் இரக்கமில்லாமல் இந்தச் சட்டத்தை வைக்கவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குத் துக்கம் சின்னதாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. பெற்றவர் என்பதால் எவ்வளவு நாள் கழித்துத் தெரிந்தாலும் ஆடையைக் கிழிக்க வேண்டும். கழுத்தருகே, இடது பக்கம், இதயத்துக்கு மேலே. நல்ல சட்டையைக் கிழிக்காதே, பழையதைப் போட்டுக்கொள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் ஒரு மணி நேரம் உட்கார். பிறகு எழுந்து முகம் கழுவு. எழுந்துவிட வேண்டும் ஃப்ரேஹா, அதுவும் சட்டம்தான். இந்த வருடம் முழுக்கப் பாட்டு, ஆட்டம் கூடாது, அவ்வளவுதான்.

அம்மா நலம். மக்லூஃப் கதீஷ் சொல்கிறான். காலுறை வந்தது.

பெர்லா


ஹைஃபா
1955 டிசம்பர் 12

மத்மசேல் பெர்லா பொட்போல் அவர்களுக்கு,

உங்கள் கட்டளைப்படி எல்லாம் செய்தேன். பழைய சட்டையைத்தான் கிழித்தேன், கவலைப்பட வேண்டாம்.

துணி அடுக்கும் அறையில் உட்கார்ந்தேன், வேறு இடம் இல்லை. கதவுக்கு வெளியே ப்ரோன்யா நின்றாள். உள்ளே நான் அழ வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன், அழுகை வரவே இல்லை. உங்கள் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், நவம்பர் ஏழாம் தேதிக் கடிதத்தை. 'இருமல் நின்றுவிட்டது.' 'எந்த வலியும் இல்லை.' 'அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.' பொய் ஒன்றுகூட இல்லை, பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூட ஆசிரியை அல்லவா. அழுகை வரப்போன நேரத்தில் மேட்ரன் கதவைத் தட்டி, 'ஒரு மணி நேரம்தான்னு சொன்னே, ஆயிடுச்சு' என்றாள். எழுந்தேன். முகம் கழுவினேன். ஆறாவது வார்டில் ஒரு கிழவருக்குக் காய்ச்சல் பார்க்கப் போனேன். அவர் இருமினார். கண்ணாடிக் குழலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தேன். அதற்குப் பிறகு வார்டுக்குப் போகவில்லை. படுக்கைக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடக்கிறேன்.

நான் கத்தினேனே, நடைபாதையில், சந்தோஷத்தில். கப்பல்காரனிடம் எங்கப்பா பிழைச்சுக்கிட்டார் என்று சொன்னேனே. கல்யாணத்தில் குலவை விட்டேன். அப்பா மேல் போட்ட மண் காயவில்லை, நான் கால் வீங்க ஆடினேன். அதை எழுதி உங்களுக்கே அனுப்பினேன், நீங்கள் அதையும் படித்துவிட்டுச் சும்மா இருந்தீர்கள். செத்தவர் காலுக்குக் காலுறை பின்னினேன். உலகத்தில் எந்த மகளும் அப்பாவுக்குச் செய்யாத அவமானத்தை என்னைச் செய்ய வைத்தீர்கள்.

ஒன்று கேட்கிறேன். நான் மகனாக இருந்தால் தந்தி அடித்திருப்பீர்கள். தேர்வாவது ஒன்றாவது என்று தந்தி அடித்திருப்பீர்கள். கதீஷ் சொல்ல வாய் இல்லாதவள் என்பதால் எனக்கு அழக் கண்ணும் இல்லை என்று நினைத்தீர்களா?

எனக்கு யாரும் முட்டை கொண்டுவரவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு முதல் சாப்பாட்டை அடுத்த வீட்டார்தான் கொடுக்க வேண்டும், அவித்த முட்டையும் ரொட்டியும். நம் வீட்டுக்கு எத்தனை பேர் கொண்டுவந்திருப்பார்கள். ஒரு மணி நேரத் துக்கத்துக்கு முட்டை கிடையாதாம். விடுதிக்கு வரும் பெரியவர் ஒருவர் சொன்னார். சட்டத்தில் இல்லையாம்.

நீங்கள் இத்தனை பெண்களுக்கு வழி சொல்கிறீர்கள். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். எழுந்திரு என்று எழுதினீர்களே, எப்படி எழுந்திருப்பது? சாயங்காலம் எல்லோரும் கடற்கரைக்குப் போகிறார்கள். நான் போவதில்லை. கடலைப் பார்த்தால் உள்ளே நடந்து போய்விடலாம் என்று தோன்றுகிறது. பயமாக இருக்கிறது.

என் ஏழு நாளை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்.

ஃப்ரேஹா தொபாலி


செஃப்ரூ
1955 டிசம்பர் 21

ஃப்ரேஹா, என் கண்ணே,

இது உன் கடிதம் வந்த அன்றைக்கே எழுதுகிறேன். மேட்ரனுக்குத் தனியாகத் தந்தி கொடுத்திருக்கிறேன், உன்னைத் தனியே விடக் கூடாது என்று. கோபித்துக்கொள். கடல் பக்கம் போகாதே. இரவில் ப்ரோன்யாவை உன் படுக்கையிலேயே படுத்துக்கொள்ளச் சொல். இதைக்கூட நான் சொல்லத் தகுதி இல்லை, ஆனாலும் சொல்வேன்.

ஏழு நாளைத் திருப்பிக் கொடு என்றாய். என்னால் முடிந்தது, அந்த ஏழு நாளில் நடந்ததைச் சொல்வதுதான். அதற்கு முந்தியதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். பரவாயில்லை.

கடைசி வாரம் அப்பா தினமும் ஒரே கேள்விதான் கேட்டார். 'டீச்சரம்மா, ஃப்ரேஹாவுக்கு எழுதிட்டீங்களா?' எழுதிட்டேன் என்றேன். எழுதவில்லை. 'எங்க வந்திருப்பா இப்ப?' என்றார். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், மார்சேய் என்று. மறுநாளும் கேட்டார். கப்பல் ஏறியாச்சு என்றேன். அதற்கு மறுநாள் கசப்ளாங்கா என்றேன். அவர் படுக்கையை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார். போட்டோம். 'பேருந்து எத்தனை மணிக்கு வரும்' என்றார். அதன் பிறகு பேசவில்லை. உன்னையும் ஏமாற்றினேன், அவரையும் ஏமாற்றினேன். இரண்டு பேருக்கும் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே செய்தேன்.

முதல் நாள். முட்டை கொண்டுவந்தவள் எதிர்வீட்டு இட்டோ. அம்மா கையில் வைத்தாள், அம்மா உருட்டிக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. மக்லூஃப் அதை வாங்கி உரித்து அவள் வாயில் வைத்தான்.

இரண்டாம் நாள் ஒப்பாரிக்காரப் பெண்கள் வந்தார்கள். நான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். ஏன் தெரியுமா? ஒவ்வொரு வாரமும் இங்கிருந்து உன் ஊருக்கு ஆள் புறப்படுகிறது. சத்தம் வெளியே போனால் யாராவது உன் காதில் போட்டுவிடுவார்கள். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். உன் அப்பா மிமூன் தொபாலியின் வீட்டிலிருந்து ஒரு ஒப்பாரிகூட வெளியே கேட்கவில்லை. என் வேலை அது.

மூன்றாம் நாள் ரொட்டிக்கடைக்காரரின் மூத்த மகன் வந்தான், அடுத்த நாள் கப்பலுக்குப் போகிறவன். உன்னிடம் சொல்லிவிடாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். அவன் உன் அப்பாவின் சட்டியைத் தொட்டு விரலை முத்தமிட்டுவிட்டு, 'எனக்குக் காசு இல்லாத நாளெல்லாம் ரெண்டு வளையம் கூடுதலாக் கோத்துக் குடுப்பாரு' என்று சொல்லி அழுதான்.

நான்காம் நாள் உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், 'வா என்று ஒரு சொல் எழுதுங்கள்' என்ற இடம் வரை. அம்மா, 'எழுது பெர்லா, வரச் சொல்லு, எம் பொண்ணு என்கூட உக்காந்து அழட்டும்' என்றாள். நான் பேசிப் பேசி அவளை மாற்றினேன். உனக்குத் தெரியுமே, நான் பேசினால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் மழை. வெள்ளம் வந்த வருடத்தில் அப்பா தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்த குழந்தைகளின் அம்மாக்கள் இரண்டு பேர் வந்தார்கள். அந்தக் கதையை நீ ஆயிரம் தடவை கேட்டிருப்பாய். அவர்கள் முதல் தடவை சொல்வதுபோல் சொன்னார்கள். அப்பா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. மூன்று குழந்தைகள் இல்லை, இரண்டுதான்.

ஆறாம் நாள் சனிக்கிழமை, சபாத் ஓய்வு நாள், வெளிப்படையாகத் துக்கம் கூடாது. அம்மா நல்ல துணி உடுத்திக்கொண்டாள். அப்பாவின் இடத்திலும் ஒரு கோப்பை வைத்துவிட்டாள். எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

ஏழாம் நாள் காலையில் தரையை விட்டு எழுந்தார்கள். நான் அன்றைக்கு உன் வீட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். மறுநாள் உனக்கு 'இருமல் நின்றுவிட்டது' என்று எழுதினேன்.

அவ்வளவுதான். எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை. சாப்பிடு. யாராவது ஒருவர் கையால் வாங்கிச் சாப்பிடு.

பெர்லா


ஹைஃபா
1956 ஜனவரி 8

மத்மசேல்,

உங்கள் கடிதத்தை ஏழு நாளாகப் பிரித்து, ஒரு நாளுக்கு ஒரு நாள் என்று தரையில் உட்கார்ந்து படித்தேன். விடுதிப் பெரியவர் கேள்விப்பட்டு, இது சட்டத்தில் இல்லை என்று மறுபடி சொல்லியனுப்பினார். உங்கள் சட்டத்தை மீறி நான் அழுகிறேன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

முதல் நாள் ப்ரோன்யா சமையல்கட்டிலிருந்து ஒரு முட்டை கொண்டுவந்தாள். என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள் என்று பார்த்தால், அவளும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உனக்கு என்ன ஆச்சு என்றேன். அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னாள். அவள் அம்மா, அப்பா, அக்கா எல்லோரும் போரில் காணாமல் போனவர்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று சொல்ல ஆள் இல்லை. 'உனக்காவது ஒரு தேதி இருக்கு. எனக்கு எப்ப உக்காரணும்னே யாரும் சொல்லல' என்றாள். அந்த ஒரு முட்டையை இரண்டாக வெட்டித் தின்றோம். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அழுததில் பக்கத்து அறைப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவர்களும் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் ஆட்கள் போயிருக்கிறார்கள். கடைசி நாள் எங்கள் அறையில் நடக்க இடம் இல்லை.

இப்போது வார்டுக்குப் போகிறேன். தேர்வில் தேறியிருக்கிறேன், உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே போனார் என்பதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரவில் கண்ணை மூடினால் அவர் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். நான் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, உங்கள் கையை விட்டால் எனக்கு வேறு கை இல்லை. அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி நீங்கள் எழுதும் எந்தக் கடிதத்திலும் முதல் வரியில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு கூரை ஒழுகுவதை எழுதுங்கள்.

ஃப்ரேஹா


செஃப்ரூ
1956 ஜனவரி 27

அம்மா உயிரோடு இருக்கிறாள். மக்லூஃப் உயிரோடு இருக்கிறான். எதிர்வீட்டு இட்டோ உயிரோடு இருக்கிறாள். நானும் இருக்கிறேன்.

ஃப்ரேஹா, அம்மாவின் வயிற்றில் கட்டி. அசதி என்று நான் எழுதியது இதுதான் என்று அப்போது எனக்கும் தெரியாது. நேற்று ஃபெஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, அறுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது, பாஸ்கா பண்டிகை வரை இருந்தால் பெரிது என்றார். வலி இருக்கிறது. இரவில் முனகுகிறாள்.

திரும்பும் வழியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அவளுக்கு எழுதாத பெர்லா, படிக்கட்டும்' என்றாள். போன தடவை நான் சொன்னதையே இப்போது அவள் சொல்கிறாள். எழுதுவேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். முதலில் திட்டினாள். பிறகு அழுதாள். பிறகு, 'அவ வந்தா எந்தப் பாயில படுப்பா, உன்னோடதைக் குடுத்துடு' என்றாள்.

இனி நான் சொல்லப்போவது யோசனை இல்லை, நிலவரம் மட்டும். பிரெஞ்சுக்காரர்கள் போவது உறுதி என்கிறார்கள். நீ வந்த பிறகு கதவு சாத்தப்படலாம். உன் இடத்தை அங்கே யாரும் காத்து வைத்திருக்க மாட்டார்கள். வராவிட்டால் அம்மாவைப் பார்க்க மாட்டாய். இதில் எது சரி என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் எல்லாப் பெண்களுக்கும் சரி எது, தப்பு எது என்று சொன்னவளுக்கு இப்போது தெரியவில்லை. நீயே முடிவு செய். எந்த முடிவு செய்தாலும் அம்மாவிடம் அப்படியே சொல்வேன், ஒரு சொல் மாற்றாமல்.

நாள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. மை காயக்கூடக் காத்திருக்கவில்லை, இப்போதே அஞ்சலில் சேர்க்கப் போகிறேன்.

பெர்லா


மார்சேய்
1956 பிப்ரவரி 14

பெர்லா அக்கா,

மேட்ரன் இடத்தை வைத்திருக்க முடியாது என்றாள். சரி என்றேன். பெட்டியைத் துறைமுகம் வரை ப்ரோன்யா தூக்கி வந்தாள். அவள் அம்மாவுக்கும் சேர்த்து என் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கடலைப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

நாளைக்குக் கசப்ளாங்கா கப்பல். விமானத் தபாலில் போடுவதால் இது எனக்கு முன்னால் வந்துவிடும் என்கிறார்கள். யாரும் முட்டை அவித்து வைக்க வேண்டாம். நான் ஊசி போடக் கற்றிருக்கிறேன், வலிக்கு மருந்து கொண்டுவருகிறேன்.

அம்மாவின் படுக்கையை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடுங்கள். 'எங்க வந்திருப்பா இப்ப?' என்று கேட்டால் மார்சேய் என்று சொல்லுங்கள். இந்தத் தடவை அது உண்மை.

ஃப்ரேஹா